சின்னப் பள்ளி மாவட்டத்துக்குத் தொழில்நுட்பத் திட்டம் போடுவது எப்படி? கமிட்டியில் மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் சிறிய ஊர்களில் குடியிருக்கும் நம்மவர்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது. பிள்ளையின் பள்ளியில் ஏதோ ஒரு கூட்டத்துக்குப் போவோம். பேச்சுவாக்கில் ஐடியில் வேலை பார்ப்பதாக வாயை விட்டுவிடுவோம். அடுத்த வாரமே பள்ளி நிர்வாகத்தின் தலைவரான சூப்பரின்டென்டன்ட் அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்துவிடும்: தொழில்நுட்பக் கமிட்டியில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, மாதம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும் என்று. அந்த ஒரு மணி நேரத்தை நம்பித்தான் நானும் போனேன். நான்கு வருடம் ஓடிவிட்டது.

கம்பெனியில் பெரிய நெட்வொர்க்கைக் கட்டி மேய்த்த அனுபவம் இங்கே பாதிதான் கைகொடுக்கும். பள்ளி மாவட்டம் என்பது ஒரு வட்டாரத்தின் அரசுப் பள்ளிகளைச் சேர்த்து நடத்தும் அமைப்பு. நாட்டில் இப்படிச் சுமார் 13,000 இருக்கின்றன. அவற்றில் கிட்டத்தட்ட பாதியில் ஆயிரம் மாணவர்கள்கூடக் கிடையாது. மூன்று கட்டடம், சில நூறு பிள்ளைகள், ஒரே ஒரு டெக்னிஷியன். அவரே பஸ் கேமராவையும் பார்ப்பார், ஆபீஸ் பிரின்டரையும் பார்ப்பார், கூடைப்பந்து மைதானத்து ஸ்கோர்போர்டு எரியாவிட்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். இப்படிப்பட்ட இடத்தில் எதை வாங்கலாம் என்று ஆரம்பித்தால் திட்டம் முதல் வருடமே படுத்துவிடும். இருக்கிற ஆளின் நேரத்துக்குள் எதையெல்லாம் ஓட வைக்க முடியும் என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கீழே உள்ள படிகளை அந்த வரிசையில்தான் வைத்திருக்கிறேன்.

முதல் படி: ஆள் கணக்கு

டெக்னிஷியனிடம் உங்களுக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்காதீர்கள். ஒரு வாரம் அவர் எதற்கெல்லாம் எழுந்து போகிறார் என்று குறித்து வைக்கச் சொல்லுங்கள். பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம், ஒரு நோட்டுப் புத்தகம் போதும். எந்த அறை, என்ன பிரச்சினை, எத்தனை நிமிடம். அவ்வளவுதான்.

எங்கள் மாவட்டத்தில் அந்த நோட்டைப் புரட்டியபோது எல்லோருக்கும் வாயடைத்துவிட்டது. சர்வர், ஃபயர்வால் என்று நாங்கள் கற்பனை செய்து வைத்திருந்த வேலைகள் ஒரு பக்கம்கூட வரவில்லை. பாஸ்வேர்டு மறந்த பிள்ளைகள், புரொஜெக்டரில் சத்தம் வராத வகுப்புகள், கீபோர்டிலிருந்து பிடுங்கி எறியப்பட்ட எழுத்துகள். நூலகத்தின் பின்னறையில், கூகுள் மென்பொருளில் ஓடும் சின்ன லேப்டாப்களான குரோம்புக்குகள் இடுப்புயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு மஞ்சள் ஒட்டுத்தாள்: திரை, கீல், தண்ணீர், தண்ணீர், ‘ஜே’ இல்லை.

இந்த நோட்டுதான் உங்கள் திட்டத்தின் முதல் ஆவணம். பாஸ்வேர்டு மாற்றும் வேலையை வகுப்பாசிரியரே செய்யும்படி அனுமதி கொடுத்துவிட்டால் டெக்னிஷியனுக்கு வாரத்தில் சில மணி நேரம் மிச்சமாகும். எந்தக் கருவியையும் வாங்குவதற்கு முன்னால் செய்யக்கூடிய காரியம் இது. காசு செலவில்லை.

இன்னொன்றையும் இதே படியில் முடித்துவிடுங்கள். டெக்னிஷியன் நாளைக்கே வேறு வேலைக்குப் போய்விட்டால் என்ன ஆகும்? பெரும்பாலான சின்ன மாவட்டங்களில் ஃபயர்வால் பாஸ்வேர்டும், டொமைன் பெயர் எந்தக் கணக்கில் பதிவாகியிருக்கிறது என்பதும் ஒரே ஒருவர் தலைக்குள்தான் இருக்கும். பாஸ்வேர்டு மேனேஜர் ஒன்றைப் போட்டு, அதைத் திறக்கும் சாவியைச் சீல் வைத்த உறையில் சூப்பரின்டென்டன்ட் பெட்டகத்தில் வையுங்கள். இதைச் சொல்லும்போது டெக்னிஷியன் மனம் நோகாமல் சொல்ல வேண்டும். அவரை மாற்றப்போகிறோம் என்று நினைத்துவிட்டால் அப்புறம் எந்த ஒத்துழைப்பும் கிடைக்காது.

ஆள் பற்றாக்குறைக்கு உண்மையான தீர்வு பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கிறது. பல மாநிலங்களில் மாவட்டங்களுக்கு உதவவே வட்டார அமைப்புகள் உண்டு. நியூயார்க்கில் போசீஸ், டெக்சாஸில் கல்விச் சேவை மையங்கள், அயோவாவில் ஏஇஏ, பென்சில்வேனியாவில் இன்டர்மீடியட் யூனிட். நெட்வொர்க் பொறியாளரின் நேரத்தை இவர்களிடம் பங்குபோட்டு வாங்க முடியும். முழுநேர ஆளை வைத்துச் சம்பளம் கொடுக்க முடியாத மாவட்டம் முதலில் தட்ட வேண்டிய கதவு இதுதான்.

இரண்டாம் படி: இருப்பதை எண்ணுவது

ஆபீஸில் இருக்கும் பட்டியலை நம்பாதீர்கள். ஒவ்வொரு அறையாக நடந்து எண்ணுங்கள். சீரியல் எண், மாடல், வாங்கிய வருடம், இருக்கும் அறை என்று நான்கு பத்தி எல்லோரும் போடுவார்கள். ஐந்தாவதாக ஒன்று போட வேண்டும்: அப்டேட் நிற்கும் தேதி. திட்டத்தின் உயிரே அந்தப் பத்தியில்தான் இருக்கிறது.

குரோம்புக்குக்கு இது மாடலைப் பொறுத்தது. 2021லும் அதற்குப் பிறகும் வெளிவந்த மாடல்களுக்குப் பத்து வருடம் தானாக அப்டேட் வரும் என்று கூகுள் 2023 செப்டம்பரில் அறிவித்தது. ஆனால் அந்தப் பத்து வருடம் நீங்கள் வாங்கிய நாளிலிருந்து ஓடுவதில்லை. அந்த மாடலுக்கு அடிப்படையான வன்பொருள் வடிவம் வெளிவந்த நாளிலிருந்து ஓடுகிறது. மூன்று வருடப் பழைய மாடலைத் தள்ளுபடியில் வாங்கினால் மூன்று வருடத்தையும் சேர்த்தே இழக்கிறீர்கள். விற்பனையாளர் இதை அவராகச் சொல்ல மாட்டார். விண்டோஸ் பக்கம், விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆபீஸ் கம்ப்யூட்டர்களிலும், கதவுப் பூட்டு அல்லது ஏசி கட்டுப்பாட்டுக்கென்று ஒரு மூலையில் ஓடும் பழைய கம்ப்யூட்டரிலும் அது இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். மூலையில் இருப்பதைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

இந்த எண்ணிக்கை முடிந்ததும் அநேகமாக ஒரு விஷயம் கண்ணில் அறையும்: பாதிக்கு மேல் ஒரே காலத்தில் வாங்கியவை. கொரோனா நிவாரணப் பணமான எஸ்ஸர் வந்தபோது பல மாவட்டங்கள் மொத்தமாகக் குரோம்புக் வாங்கின. அந்தப் பணத்தின் கடைசித் தவணையை ஒப்பந்தங்களில் கட்டிவைக்கக் கடைசி நாள் 2024 செப்டம்பர் 30. பணம் நின்றுவிட்டது, கருவிகள் எல்லாம் ஒன்றாகவே கிழடு தட்டுகின்றன. இந்த மேட்டைச் சமன்படுத்துவதுதான் உங்கள் திட்டத்தின் முக்கால்வாசி வேலை. எப்படி என்று ஆறாம் படியில் சொல்கிறேன்.

கருவிகளை எண்ணும்போதே சுவரையும் பாருங்கள். நெட்வொர்க் கேபிள்களையெல்லாம் இணைக்கும் ஸ்விட்ச் பெட்டி எங்கே இருக்கிறது? நாங்கள் பார்த்த ஒன்று துப்புரவு அறையில், தரை துடைக்கும் வாளிக்கு நேர் மேலே இருந்தது. குரோம்புக்குகளை அடுக்கிவைக்கும் சார்ஜிங் வண்டி எந்தப் பிளக்கில் செருகியிருக்கிறது? 45 வாட் சார்ஜர் முப்பது இருந்தால் 1,350 வாட். 15 ஆம்பியர், 120 வோல்ட் சர்க்யூட் மொத்தமே 1,800 வாட்தான் தாங்கும். இரண்டு வண்டியை ஒரே சர்க்யூட்டில் செருகினால் இரவில் பிரேக்கர் விழும், காலையில் அறுபது பிள்ளைகளிடம் செத்த பேட்டரி இருக்கும். ‘குரோம்புக் சரியில்லை’ என்று ஆசிரியர் எழுதும் புகாரில் பலவற்றுக்கு எலக்ட்ரீஷியன்தான் மருந்து. முறைவைத்துச் சார்ஜ் செய்யும் வண்டி வாங்கினாலும் சரிதான்.

மூன்றாம் படி: வகுப்பறையில் என்ன நடக்க வேண்டும்

பெரிய மாவட்டங்களும் இங்கேதான் சறுக்கின. லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டம் 2013ல் எல்லா மாணவர்களுக்கும் ஐபேட் கொடுக்கப் புறப்பட்டது. கொடுத்த சில வாரங்களிலேயே பிள்ளைகள் தடுப்புகளைத் தாண்டிவிட்டார்கள். அதிலிருந்த பாடத்திட்டம் முழுமையாகவே இல்லை. அடுத்த வருடமே அந்த ஒப்பந்தம் நிறுத்தப்பட்டது. கருவி முதலில் வந்தது, அதை வைத்து என்ன செய்வது என்ற கேள்வி பின்னால் வந்தது.

ஆசிரியர்களிடம் ‘என்ன தொழில்நுட்பம் வேண்டும்’ என்று படிவம் அனுப்பினால் ஸ்மார்ட்போர்டு என்று எழுதுவார்கள், வேறெதுவும் தேறாது. நாங்கள் கேட்டுப் பலன் கண்ட கேள்வி வேறு: ‘போன மாதம் எந்தப் பாடத்தில், கருவி வேலை செய்யாததால் பாதியில் விட்டுவிட்டு வேறு பாடத்துக்குப் போனீர்கள்?’ இதற்கு வந்த பதில்கள் நேராக அறை எண்ணோடு வந்தன. அறிவியல் ஆசிரியர் ஒருவர் சென்சார் பரிசோதனையையே இரண்டு வருடமாகக் கைவிட்டிருந்தார். அவர் அறையில் வைஃபை ஜன்னலோரம் மட்டும்தான் கிடைக்கும்.

மத்திய அரசின் கல்வித் துறை 2024 ஜனவரியில் வெளியிட்ட தேசியக் கல்வித் தொழில்நுட்பத் திட்டம் மூன்று இடைவெளிகளைப் பிரித்துப் பேசுகிறது: கருவி கிடைப்பதில் உள்ளது, பாடத்தை வடிவமைக்க ஆசிரியருக்குக் கிடைக்கும் நேரத்திலும் திறனிலும் உள்ளது, மாணவர் அதை எப்படிப் பயன்படுத்துகிறார் என்பதில் உள்ளது. முதலாவதற்கு மட்டும் பணம் ஒதுக்கிவிட்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுவதுதான் வழக்கம்.

என் தனிப்பட்ட கருத்து ஒன்று. இரண்டாம் வகுப்புவரை ஆளுக்கொரு கருவி தேவையே இல்லை, வகுப்புக்கு ஆறேழு இருந்தால் தாராளம். எங்கள் கமிட்டியில் இதற்குப் பெரிய சண்டையே நடந்தது. கடைசியில் ஜெயித்தது என் வாதத்தால் இல்லை, சின்னப் பிள்ளைகள் பிடுங்கிய கீ கணக்கால்.

நான்காம் படி: நெட்வொர்க்கைப் பரீட்சை நாளுக்காகக் கட்டுவது

சாதாரண நாளை மனதில் வைத்து நெட்வொர்க் போட்டால் போதும் என்று தோன்றும். போதாது. மாநிலத் தேர்வு ஆன்லைனில் நடக்கும் வசந்தகாலக் காலை ஒன்பது மணிதான் அளவுகோல். ஆயிரம் பயனருக்கு நொடிக்கு ஒரு கிகாபிட் என்று மத்தியத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி 2014ல் நீண்டகால இலக்கு வைத்தது. 600 பேருக்கு 600 மெகாபிட். பல சின்ன மாவட்டங்களில் இந்த அளவு இணைப்பு இப்போது இருக்கிறது. ஆகவே தகராறு பெரும்பாலும் கட்டடத்துக்குள்தான்.

ஒரு லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்து பாருங்கள். பழைய பள்ளிகளின் கான்கிரீட் பிளாக் சுவர்கள் சிக்னலைத் தின்றுவிடும். தாழ்வாரத்தில் வைத்த ஆக்சஸ் பாயின்ட், அதாவது வைஃபை சிக்னல் தரும் பெட்டி, தாழ்வாரத்துக்குத்தான் நன்றாக வேலை செய்யும், பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதோ சுவருக்கு அந்தப் பக்கம். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றுதான், 1, 6, 11. வகுப்புக்கு வகுப்பு ஆக்சஸ் பாயின்ட் வைத்தால் சிலவற்றில் 2.4ஐ அணைத்துவிட்டுக் கருவிகளை 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தள்ள வேண்டும். கேபிள் ஒரே ஓட்டத்தில் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. ஜிம்முக்கும் போர்ட்டபிள் கட்டடத்துக்கும் போகும் கேபிள்களை இந்தக் கணக்கில் சந்தேகப்படுங்கள்.

தேர்வுக்கு ஆறு வாரம் முன்னால் ஒத்திகை வையுங்கள். எல்லா வகுப்பும் ஒரே நேரத்தில் உள்ளே நுழையட்டும். எங்கள் முதல் ஒத்திகையில் எல்லாம் ஊர்ந்தது. காரணம் இணைப்பு இல்லை. வாரக்கடைசி முழுவதும் வண்டியில் மூடிக் கிடந்த குரோம்புக்குகள் எல்லாம் திங்கள் காலை ஒன்றாகக் கண்விழித்து அப்டேட்டை இறக்க ஆரம்பித்திருந்தன. அப்டேட் நேரத்தைச் சிதறிவிட்டதும் சரியாகிவிட்டது. செலவு பூஜ்ஜியம்.

வீட்டு இணையத்தையும் இங்கேயே யோசியுங்கள். ஏழைக் குடும்பங்களுக்கு மாதக் கட்டணத்தில் உதவிய மத்திய அரசின் ஏசிபி திட்டம் 2024 ஜூனில் நின்றுபோனது. ஊருக்கு வெளியே பண்ணை வீடுகளில் இருக்கும் பிள்ளைக்கு இணையம் இல்லாமலும் வீட்டுப்பாடம் செய்ய முடிகிறதா என்பதை வாங்கும் ஒவ்வொரு மென்பொருளிடமும் கேளுங்கள்.

ஐந்தாம் படி: பணம், குறிப்பாக இ-ரேட்

1996 தொலைத்தொடர்புச் சட்டத்திலிருந்து பிறந்த தள்ளுபடித் திட்டம் இ-ரேட். எஃப்சிசியின் மேற்பார்வையில் யூசாக் என்ற அமைப்பு நடத்துகிறது. இணைய இணைப்புக்கும் உள் நெட்வொர்க்குக்கும் 20 முதல் 90 சதவீதம்வரை தள்ளுபடி கிடைக்கும். இரண்டாவதற்கு உச்சவரம்பு 85. குரோம்புக்குக்கோ, தகாத தளங்களைத் தடுக்கும் இணைய வடிகட்டிக்கோ கிடைக்காது.

தள்ளுபடி எதைப் பொறுத்தது தெரியுமா? மதிய உணவை. இலவச அல்லது குறைந்த விலை உணவுக்குத் தகுதி பெறும் பிள்ளைகளின் சதவீதத்தையும், ஊர் கிராமப்புறமா நகர்ப்புறமா என்பதையும் வைத்து அட்டவணை போட்டிருக்கிறார்கள். கிராமப்புறத்தில் 35 முதல் 49 சதவீதம் என்றால் 70, ஐம்பதைத் தொட்டால் 80. சில நூறு பிள்ளைகளே இருக்கும் மாவட்டத்தில் ஒரு டஜன் குடும்பம் படிவத்தை நிரப்பாமல் விட்டால் கோடு மாறிவிடும். எங்கள் கமிட்டி செய்த உருப்படியான காரியங்களில் ஒன்று, செப்டம்பரில் உணவுப் படிவத்துக்காக வீடு வீடாகப் போன் போட்டது. எல்லாருக்கும் இலவச உணவு தரும் பள்ளிகளில் கணக்கு வேறு மாதிரி, அதை யூசாக் விதிப்படி பாருங்கள்.

உள் நெட்வொர்க்குக்கு ஐந்தாண்டுக்கு ஒரு பட்ஜெட். 2021 முதல் 2025 வரையான சுற்றில் மாணவருக்கு 167 டாலர் வைத்திருந்தார்கள். 2026ல் தொடங்கும் அடுத்த சுற்றுக்கு அதை உயர்த்தியிருக்கிறார்கள். பழைய எண்ணிலேயே கணக்குப் போட்டுப் பார்ப்போம்: 600 மாணவர் என்றால் 1,00,200 டாலர். 70 சதவீதத் தள்ளுபடியில் மாவட்டத்தின் பங்கு 30,060. மாணவர் மிகக் குறைவாக இருந்தால் கட்டடத்துக்கு இவ்வளவு என்று ஒரு குறைந்தபட்சத் தொகையும் உண்டு. ஐந்து வருடத்துக்கும் சேர்த்துத்தான் இது. முதல் வருடமே ஸ்விட்ச், ஆக்சஸ் பாயின்ட் எல்லாம் வாங்கித் தீர்த்துவிட்டால் நான்காம் வருடம் இடி விழுந்து ஸ்விட்ச் போனால் கையைப் பிசைய வேண்டியதுதான். கொஞ்சம் மிச்சம் வையுங்கள்.

நடைமுறை இப்படி. இலையுதிர் காலத்தில் படிவம் 470ஐப் போட்டு விலைப்புள்ளி கேட்க வேண்டும். குறைந்தது 28 நாள் காத்திருக்க வேண்டும். வந்த புள்ளிகளை மதிப்பிடும்போது விலைக்குத்தான் மற்ற எந்த அம்சத்தையும்விட அதிக மதிப்பெண். அதன்பின் ஒப்பந்தம், அதன்பின் தள்ளுபடிக்கு விண்ணப்பிக்கும் படிவம் 471. அதற்கான ஜன்னல் வழக்கமாக ஜனவரியில் திறந்து மார்ச்சில் மூடும். நிதியாண்டு ஜூலை 1ல் தொடக்கம். எல்லா ஆவணத்தையும் பத்து வருடம் வைத்திருக்க வேண்டும். விற்பனையாளர் கமிட்டிக்குப் பீட்சா வாங்கித் தருகிறேன் என்றால் சிரித்துக்கொண்டே மறுத்துவிடுங்கள். ஒரு தடவைக்கு 20 டாலர், ஒரு வருடத்தில் ஒரு நிறுவனத்திடமிருந்து 50 டாலர் என்று பரிசுக்கு வரம்பு இருக்கிறது. பீட்சாவால் தள்ளுபடியை இழந்தவர்கள் என்ற பெயர் நமக்கு வேண்டாம்.

மற்ற வழிகளில் முக்கியமானவை இரண்டு. சராசரி தினசரி வருகை 600க்குக் குறைவான கிராமப்புற மாவட்டங்களுக்கு மத்திய அரசின் ரீப் என்ற நிதி உண்டு. கேட்காமலேயே விட்டுவிடும் மாவட்டங்களில் உங்களுடையதும் ஒன்றாக இருக்கலாம். டைட்டில் 4ஏ என்ற மத்திய அரசு நிதியில் ஒரு பங்கைத் தொழில்நுட்பத்துக்கும் ஒதுக்கலாம், ஆனால் அந்தப் பங்கில் 15 சதவீதத்துக்கு மேல் கருவி, உள்கட்டமைப்பு வாங்கச் செலவிட முடியாது. மீதியை ஆசிரியர் பயிற்சிக்குப் போடலாம். அது நல்லதும்கூட.

ஆறாம் படி: கருவிகளைச் சுழலவிடுவது

மேலே சொன்ன மேட்டைச் சமன்படுத்தும் வழி இது. எல்லாருக்கும் ஒரே வருடத்தில் புதிது வாங்குவதை நிறுத்துங்கள். ஒவ்வொரு வருடமும் ஐந்தாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் மட்டும் புதிது. ஐந்தில் வாங்கியது எட்டுவரை அந்தப் பிள்ளையோடு போகும், ஒன்பதில் வாங்கியது பன்னிரண்டுவரை. நான்கு வருடம் கழித்துத் திரும்பி வருவதில் நல்லதாக இருப்பவை கீழ் வகுப்பு வண்டிகளுக்குப் போகும்.

600 மாணவர், கின்டர்கார்டனையும் சேர்த்துப் பதின்மூன்று வகுப்பு என்றால் வகுப்புக்குச் சுமார் 46 பேர். இரண்டு வகுப்புக்கு 92, உதிரியோடு நூறு. கருவிகளை ஒரே இடத்திலிருந்து கட்டுப்படுத்தும் மேலாண்மை உரிமத்தோடு ஒன்றுக்கு 350 டாலர் என்று வைத்துக்கொண்டால் வருடம் 35,000. பட்ஜெட்டுக்கு ஒப்புதல் தரும் பள்ளிப் போர்டுக்கு இந்த எண் பிடிக்கும், ஏனென்றால் வருடாவருடம் அதே எண். நான்கு வருடம் சும்மா இருந்துவிட்டு ஐந்தாம் வருடம் இரண்டு லட்சம் கேட்டால் எந்தப் போர்டும் முகம் சுளிக்கும்.

இந்தச் சுழற்சியில் ஒரு கருவி எட்டு வருடம்கூட ஓட வேண்டியிருக்கும். அதனால்தான் வாங்கும்போதே அப்டேட் தேதியைப் பார்க்கச் சொன்னேன். எட்டு வருடத்துக்குக் குறைவாக மிச்சமிருக்கும் மாடல் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

ஒரே மாடலை மூன்று நான்கு வருடம் தொடர்ந்து வாங்க முடிந்தால் அது பெரிய வரம். செத்த கருவியின் திரை, கீபோர்டு, பேட்டரி எல்லாம் உதிரி பாகம். நூலகப் பின்னறைக் குவியலில் ஐந்தை உடைத்து மூன்றை எழுப்பிவிடலாம். உயர்நிலைப் பள்ளியில் ஆர்வமுள்ள பிள்ளைகளைப் பழுது பார்க்க வைக்கும் பள்ளிகள் இருக்கின்றன. அருமையான யோசனைதான், ஆனால் மற்ற மாணவர் கணக்குகளுக்குள் அவர்கள் நுழையாதபடி கருவியை முதலில் அழித்துவிட்டே கையில் கொடுக்க வேண்டும்.

கோடை விடுமுறைக்கு வைக்கும்போது பேட்டரியைப் பாதி அளவு சார்ஜில் விட்டு, வெயில் ஏறாத அறையில் வையுங்கள். முழுக்கக் காலியாக விட்டு மூன்று மாதம் பூட்டினால் ஆகஸ்டில் சில எழுந்திருக்கவே மாட்டா.

சேதத்துக்குப் பெற்றோரிடம் கட்டணம் வாங்குவது பற்றி ஒரு வார்த்தை. தெளிவான விலைப்பட்டியல் போட்டு வருட ஆரம்பத்திலேயே கொடுத்துவிடுங்கள், கஷ்டப்படும் குடும்பத்துக்கு விலக்கும் அதிலேயே எழுதியிருக்கட்டும். கேஸுக்குக் கேஸ் முடிவெடுக்க ஆரம்பித்தால் சின்ன ஊரில் அது சொந்தபந்தத் தகராறாகிவிடும்.

ஏழாம் படி: பிள்ளைகளின் தகவலும் பாதுகாப்பும்

சட்டங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மாணவர் பதிவேடுகளுக்கு 1974ன் ஃபெர்பா. பதின்மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் தகவலை இணையத்தில் சேகரிப்பதற்குக் காப்பா. இ-ரேட் பணம் வாங்கும் பள்ளிகளுக்குச் சிப்பா: வடிகட்டி வேண்டும், இணையப் பாதுகாப்புக் கொள்கை வேண்டும், அதை ஏற்பதற்கு முன் பொது அறிவிப்புக் கொடுத்து ஒரு கூட்டம் நடத்தியிருக்க வேண்டும். அந்தக் கூட்டக் குறிப்பு எந்தக் கோப்பில் இருக்கிறது என்று இப்போதே தேடிப் பாருங்கள். தணிக்கையில் கேட்பார்கள். மாநிலச் சட்டங்கள் இதற்கு மேலே தனி.

நடைமுறையில் தலைவலி, ஆசிரியர்கள் தாமாகச் சேர்க்கும் இலவசச் செயலிகள். ஒவ்வொரு நிறுவனத்தோடும் தனித்தனியாக ஒப்பந்தம் பேச உங்களிடம் வக்கீல் கிடையாது. இங்கேயும் பங்குபோடலாம். மாணவர் தகவல் தனியுரிமைக் கூட்டமைப்பின் தேசிய ஒப்பந்தப் படிவத்தில் இணைப்பு ‘ஈ’ என்று ஒன்று உண்டு. வேறொரு மாவட்டம் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் நிறுவனம் அதற்கு ஒப்புக்கொண்டிருந்தால், அதே மாநிலத்தில் நீங்களும் அதே விதிகளின் கீழ் ஒரு கையெழுத்தில் சேர்ந்துகொள்ளலாம். பக்கத்து மாவட்டம் பட்ட பாட்டை நாம் படத் தேவையில்லை.

பாதுகாப்பில் ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் ஊழியர்கள் எல்லோருக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள், அதாவது பாஸ்வேர்டோடு இன்னொரு அடையாளமும் கேட்பது. 2024 டிசம்பரில், மாணவர் பதிவேட்டு மென்பொருள் விற்கும் பவர்ஸ்கூல் நிறுவனத்திலிருந்து கோடிக்கணக்கான மாணவர்களின் தகவல் திருடுபோனது. திருடர்கள் நுழைந்த வழி, அந்தச் சரிபார்ப்பு இல்லாத ஒரு சப்போர்ட் கணக்கு. அத்தனை பெரிய நிறுவனத்துக்கே அந்தக் கதி.

அப்புறம், சின்ன மாவட்டத்தில் பணம் போவது பெரும்பாலும் ஹாலிவுட் பாணி ஊடுருவலால் இல்லை. கணக்குப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் வரும்: ‘என் சம்பளத்தை இந்தப் புது வங்கிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள்’, கீழே பிரின்சிபால் பெயர். மாற்றக் கோரிக்கை எப்படி வந்தாலும், ஏற்கெனவே கையிலிருக்கும் எண்ணுக்குப் போன் செய்து கேட்காமல் மாற்றக் கூடாது என்று ஒரு வரி விதி போதும். பேக்கப்புக்கு மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியே. வருடம் ஒரு தடவையாவது அதிலிருந்து ஒரு கோப்பைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். பார்க்காத பேக்கப் இருக்கிறதா இல்லையா என்பது ஆபத்து வரும்வரை தெரியாது.

கருவிகளில் தடைகளைப் போடும்போது ஐஈபி, அதாவது சிறப்புக் கல்விக்கான தனித் திட்டம், உள்ள பிள்ளைகளை முதலில் நினையுங்கள். எங்கள் டெக்னிஷியன் பிரவுசர் நீட்சிகளையெல்லாம் (எக்ஸ்டென்ஷன்) ஒரு நாள் தடை செய்தபோது, ஒரு பிள்ளைக்குப் பாடத்தை வாசித்துக் காட்டும் மென்பொருளும் சேர்ந்தே போய்விட்டது. அந்தப் பிள்ளை மூன்று நாள் யாரிடமும் சொல்லவே இல்லை. இப்போதெல்லாம் எந்தத் தடையைப் போட்டாலும் சிறப்புக் கல்வி ஆசிரியர் பார்த்து ஒப்புதல் சொன்ன பிறகுதான்.

செயற்கை நுண்ணறிவுக்குத் தனி அத்தியாயம் எழுதச் சொல்வார்கள். ஒரு பக்கம் போதும்: எந்தக் கருவிகளுக்கு அனுமதி, எந்த வயதுக்கு, மாணவர் பெயரோ மதிப்பெண்ணோ அதில் ஒட்டக் கூடாது. வருடாவருடம் அந்தப் பக்கத்தை மாற்ற வேண்டியிருக்கும்.

எட்டாம் படி: ஆசிரியர் பயிற்சி

ஆகஸ்டில் ஒரு நாள் முழுக்க ஆடிட்டோரியத்தில் உட்காரவைத்து வெளியாள் ஒருவரைப் பேசவைப்பது வீண். அதே பணத்தில் ஒரு கட்டடத்துக்கு ஓர் ஆசிரியருக்குச் சிறு ஊக்கத்தொகையும் வாரம் ஒரு பீரியட் ஓய்வும் கொடுத்து, மற்ற ஆசிரியர்கள் வகுப்புக்குப் போய் உதவச் செய்யுங்கள். டெக்னிஷியனுக்கு வரும் அழைப்புகளும் குறையும். முதல் படியில் எடுத்த நோட்டை ஒரு வருடம் கழித்து மறுபடி எடுத்தால் குறைந்ததா என்பது தெரிந்துவிடும்.

ஒன்பதாம் படி: எழுதி, போர்டு முன்னால் வைப்பது

முன்பெல்லாம் இ-ரேட் வாங்கத் தொழில்நுட்பத் திட்டம் கட்டாயம். 2014 சீர்திருத்தத்தோடு அது எடுபட்டது. அதனால் அலமாரிக்காக நாற்பது பக்கம் எழுத வேண்டிய அவசியம் இல்லை. உங்கள் மாநிலம் தனியாகக் கேட்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எட்டுப் பக்கத்தில் முடியுங்கள். முதல் பக்கத்தில் ஐந்து வருட அட்டவணை: எந்த வருடம் எது சாகிறது, எது வாங்கப்படுகிறது, எந்தப் பணத்தில். ஒவ்வொரு வரிக்கும் பொறுப்பானவரின் பதவி, பெயர் வேண்டாம். ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள்.

புதிதாக ஒன்று சேர்க்கும்போது எதை நிறுத்துகிறோம் என்ற பத்தியும் அட்டவணையில் இருக்கட்டும். ஒரே வேலைக்கு மூன்று செயலிக்குச் சந்தா கட்டிக்கொண்டிருந்ததை நாங்கள் கண்டுபிடித்தது அந்தப் பத்தியை நிரப்ப முயன்றபோதுதான்.

போர்டு கூட்டத்துக்குப் போகும்போது பவர்பாயின்ட்டோடு கூட, பின்னறையிலிருந்து ஒரு செத்த குரோம்புக்கையும் எடுத்துப் போங்கள். ஒட்டுத்தாளோடு. நான் மேசையில் வைத்ததும் ஒரு உறுப்பினர் அதைத் திறந்து, அமுங்காத ஸ்பேஸ் பாரை நான்கைந்து தடவை அழுத்திப் பார்த்தார். அன்றைக்குச் சுழற்சி முறை ஒருமனதாக நிறைவேறியது.

காலண்டரை அப்போதே கையில் கொடுத்துவிடுங்கள். செப்டம்பரில் உணவுப் படிவமும் கருவி எண்ணிக்கையும். அக்டோபர், நவம்பரில் படிவம் 470. ஜனவரிக்குப் பின் 471. தேர்வுக்கு ஆறு வாரம் முன் ஒத்திகை. ஏப்ரலில் போர்டு ஒப்புதல், கருவி ஆர்டர். மே கடைசியில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடமிருந்து கருவிகளைத் திரும்ப வாங்க வேண்டும், அதுவும் பட்டமளிப்பு கவுனைக் கையில் கொடுப்பதற்கு முன்னால். கவுன் கைக்குப் போய்விட்டால் சார்ஜர் திரும்பி வராது.